பரணில் கிடந்த கணிப்பொறி கற்றுத் தந்த பாடம்

சென்ற குளிர்காலத்தில் அண்ணியின் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, மறைந்த என் அண்ணன் ஏலத்தில் வாங்கிய சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 அகப்பட்டது. 1994இல் சந்தைக்கு வந்த வகை.

"கபாடிவாலாவிடம் போட்டுவிடலாமா தம்பி? உங்க அண்ணன் ராத்திரியெல்லாம் இதில்தான் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார்" என்றார் அண்ணி. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த அனுபவம் வாசக அன்பர்களுக்கும் பயன்படலாம்.

முதல் பாடம்: எடுத்தவுடன் பழைய வட்டை இயக்கக் கூடாது. வெகுகாலம் சும்மா கிடந்த வட்டு ஒரு முறை சுழன்று, அத்தோடு நின்றுவிடலாம். புதிய இயங்குதளத்தை அதன் மேலேயே பதித்தாலோ உள்ளிருப்பது அழிந்துவிடும். ஆகவே அதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, நேரு பிளேஸில் 80 முள் கொண்ட இன்னொரு பழைய ஸ்கஸி வட்டு வாங்கி மாட்டினேன்.

அடுத்து, எந்த இயங்குதளம்? சன் நிறுவனத்தை 2010இல் ஆரகிள் வாங்கிவிட்டது. இந்த வகைக்குப் பொருந்திய கடைசி சோலாரிஸ், 2002இல் வந்த 9ஆம் பதிப்பு. டெபியனும் ஓப்பன்பிஎஸ்டியும் எப்போதோ இதைக் கைவிட்டுவிட்டன. 1993இல் தொடங்கிய நெட்பிஎஸ்டி மட்டும் விடவில்லை. 2024இல் வெளியான அதன் 10ஆம் பதிப்பும் இதில் ஓடுகிறது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், தயாரித்தவர் போன பின்னும் ஆர்வமுள்ளவர்கள் காப்பாற்றி வருகிறார்கள்.

திரை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். விசைப்பலகையை இணைக்காமல் மின்சாரம் கொடுத்தால், இயந்திரம் சீரியல் வழியாகப் பேசும். வேகம் 9600. நல் மோடம் கேபிளால் மடிக்கணினியோடு இணைத்தேன். "ஐடிபுராம் செல்லாது" என்ற அறிவிப்பு வந்தது. ஈத்தர்நெட் முகவரியை நினைவில் வைத்திருக்கும் சில்லுக்குள்ளேயே மின்கலம் அடைபட்டிருக்கிறது; அது தீர்ந்துவிட்டது. முகவரி இல்லாமல் நெட்வொர்க் வேலை செய்யாது. "ஓகே" என்று நிற்கும் இடத்தில் எம்கேபி என்ற கட்டளையால் இயந்திர வகை, ஆறு பைட் முகவரி, சரிபார்ப்பு எண் ஆகியவற்றை என் மகள் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். மின்சாரம் போனால் மறுபடி கொடுக்க வேண்டும்.

பிறகு "பூட் சீடிராம்" என்று கொடுத்தால் போதும். ஆனால் 512 பைட் துண்டுகளாகப் படிக்கும் ஸ்கஸி சீடி டிரைவ் வேண்டும். சாதாரண டிரைவ் எல்லாம் ஒத்துவராது. அதன் எண் 6, முதல் வட்டின் எண் 3. பட்டியலில் கேட்கும் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொன்னோம். மாலைக்குள் நெட்பிஎஸ்டி எழுந்து நின்றது.

அதன் பிறகுதான் அண்ணனின் வட்டை இரண்டாவதாக மாட்டினேன். கடகடவென்று சத்தம் போட்டாலும் சுழன்றது. ஒரு கோப்பையும் திறக்காமல், முழு வட்டையும் அப்படியே நெட்வொர்க் வழியாக வீட்டுக் கணிப்பொறிக்கு நகல் எடுத்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நகலை எழுத இயலாதபடி, படிக்க மட்டும் திறந்தோம். புதிய இயங்குதளத்துக்கு நாங்களே அதிகாரி என்பதால் பழைய பாஸ்வேர்டு குறுக்கே நிற்கவில்லை.

உள்ளே இருந்தவை, குழந்தைகளுக்கு வானவியல் சொல்லிக்கொடுக்க அண்ணன் ஆங்கிலத்தில் எழுதிய பாடக் குறிப்புகள். பாதியில் நின்றிருந்தன. அச்செடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். இரவு முழுவதும் படித்தாராம்.

மறுநாள் அந்த வட்டை மீண்டும் போட்டுப் பார்த்தேன். சுழலவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். கபாடிவாலாவைக் கூப்பிடும் முன் வட்டைக் கழற்றி நகல் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.