பாடம்: எழுத்து மங்காமல் திரைப்படம் எடுப்போம்



மணப்பாறைப் பக்கம் நம் குழு ஒன்றில், ஓர் உறுப்பினர் கடன் தவணையை போனில் கட்டினார். கட்டியதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அது இரண்டு மூன்று கை மாறி வந்தது. நாமும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தோம். தணிக்கையில் பார்த்தால், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணில் இருப்பது 3-ஆ, 8-ஆ என்றே தெரியலை! "பணத்தையும் கட்டிட்டு நான் ஏன் பதில் சொல்லணும்?" என்று அந்த அக்கா கேட்டது நியாயம்தானே? அவர் போனிலிருந்த முதல் படத்தைப் பார்த்த பிறகுதான் தெளிவு கிடைத்தது.

ஏன் மங்குகிறது?

படத்தைச் சேமிக்கப் பல வகைகள் உண்டு. 1992-ல் வந்த ஜேபெக், படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடும். ஆள், மாடு, வயல் படங்களுக்கு இது போதும். எழுத்தின் ஓரத்திலோ கறுப்பும் வெள்ளையும் சட்டென்று மாறும். அங்கே புகை படிந்த மாதிரி ஆகிவிடும். 1996-ல் வந்த பிஎன்ஜி ஒரு புள்ளியையும் விடாது. ஜிஃப் வகையில் 256 நிறங்கள்தான்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர் முறுக்கையே நினைத்துப் பாருங்கள். முறுக்கை உடைக்காமல் நெருக்கி அடுக்குவது பிஎன்ஜி. நொறுக்கித் திணிப்பது ஜேபெக், இடம் மிச்சம்தான். ஆனால் நொறுங்கியதைப் புது டப்பாவில் போட்டால் முழு முறுக்கு ஆகுமா? அதேபோல, மங்கிய ஜேபெக்கை பிஎன்ஜியாக மாற்றினாலும் தெளிவு திரும்பாது.

நாம் செய்ய வேண்டியவை

1. திரையை போட்டோ பிடிக்காமல் ஸ்கிரீன்ஷாட்டே எடுக்கணும்.
2. கணினியில் சேமிக்கும்போது பிஎன்ஜி வகையைத் தேர்ந்தெடுக்கணும்.
3. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருக்கப்படும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் உள்ளபடியே போகும்.
4. தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுக்கணும். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கக் கூடாது.
5. ஓடிபி, ரகசிய எண் தெரியும் படத்தை யாருக்கும் அனுப்பவே கூடாது.

கூட்டத்தில் செய்து பார்ப்போம்

ஒரே ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு வழியிலும் அனுப்பி, பெரிதாக்கி, எண்களை உரக்கப் படியுங்கள். வித்தியாசம் தானே புரியும். ஒரு எண் மங்கினாலும் உழைத்துக் கட்டிய பணத்துக்குச் சாட்சி மங்கிவிடும் அல்லவா!