முடி உதிராவிட்டால் தும்மல் வராதா?

கேள்வி: என் மகனுக்கு நாய் அருகில் வந்தாலே தும்மல். லேப்ரடூடில் குட்டி என்றால் ஒவ்வாமை வராது என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகி, மெல்பர்ன்

பதில்: அந்த வாக்குறுதியை நம்பிக் குட்டி வாங்காதீர்கள். தும்மலைக் கிளப்புவது முடியல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள். முடி உதிராத நாயும் நக்கும், அதற்கும் தோல் உரியும்.

உங்கள் விக்டோரியா மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 1980களின் இறுதியில் அங்குள்ள வழிகாட்டி நாய் மையத்தில் வாலி கான்ரன் என்பவர், ஹவாயில் வாழ்ந்த பார்வைக் குறைபாடுள்ள பெண்ணுக்காக லேப்ரடாரையும் பூடிலையும் இணைத்து லேப்ரடூடில் குட்டிகளைப் பெற்றார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் அனுப்பிச் சோதித்ததில், ஒன்று மட்டுமே அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள்!

முடி உதிர்வதும் அப்படித்தான், குட்டிக்குக் குட்டி மாறும். மீசை தாடி இல்லாத வழவழப்பான முகமுள்ள குட்டி, பெரும்பாலும் லேப்ரடார் போலவே உதிர்க்கும். சுருள்முடி குறைவாக உதிரும். ஆனால் உதிர்ந்தது உள்ளேயே சிக்கிச் சடை பிடிக்கும், அடிக்கடி சீவ வேண்டும். குட்டிப் பருவ முடி மாற ஓராண்டுகூட ஆகலாம் என்பதால், எட்டு வாரக் குட்டிக்கு யாரும் உறுதி தர முடியாது.

வாங்குமுன் மகனை அதே குட்டியோடு பலமுறை பழகவிட்டுப் பாருங்கள். ஆஸ்துமா இருந்தால், மருத்துவரைக் கேட்ட பிறகே அதுவும்.