யாரும் முழுசாக் கேட்காத ரெக்கார்டு ஒரு முதலீடா?

போனஸ் வர்ற மாசங்கள்ல சேனலுக்கு இந்த மாதிரி கேள்வி நிறைய வருது: "பழைய எல்.பி. ரெக்கார்டு வாங்கி வெச்சா விலை ஏறுமாமே, எஸ்.ஐ.பி.யைக் கொஞ்சம் குறைச்சுட்டு அதுல போடலாமா?" இதுக்குப் பதில் சொல்லக் கணக்கு போட்டுப் பார்க்கணும். அதனால வீடியோவை விட எழுத்துல சொல்றது தெளிவா இருக்கும்.

எல்லா ரெக்கார்டையும் பத்திப் பேசாம ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்குவோம்: அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975-ல வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்'. சேகரிக்கிறவங்க நடுவுல ரொம்பப் பேர் போன ரெக்கார்டு இது.

முதல்ல கதை

1972-ல வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்' ஆல்பம் லூ ரீட்டுக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது. 1974-ல வந்த 'சாலி கான்ட் டான்ஸ்' அமெரிக்க விற்பனைப் பட்டியல்ல முதல் பத்துக்குள்ள போச்சு. அடுத்த வருஷமே ஆர்.சி.ஏ. கம்பெனி மூலமா இந்த இரட்டை எல்.பி. வந்தது. அட்டையில மேடைக் கச்சேரி மாதிரி அவர் படம். ஆனா உள்ளே பாட்டு இல்லை, தாளம் இல்லை, ஒரு வார்த்தை கூட இல்லை. மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டு போனா 'கீ...'ன்னு கத்துமே, அந்த மாதிரி கிட்டார் ஃபீட்பேக் சத்தத்தைப் பல வேகத்துல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருந்தார். மொத்தம் நாலு பக்கம். ஒவ்வொரு பக்கமும் 16 நிமிஷம் 1 நொடின்னு லேபிள்ல போட்டிருக்கும். நாலாவது பக்கத்தோட கடைசித் தடம் வட்டமா மூடியிருக்கும். நீங்க எழுந்து போய் ஊசியைத் தூக்குற வரைக்கும் அது நிக்காது.

வாங்கினவங்க பலர் கடைக்கே திருப்பிக் கொண்டு போனாங்க. சில வாரங்கள்லயே கம்பெனி அதைச் சந்தையிலிருந்து எடுத்துடுச்சு. ஆனா கதை அதோட முடியலை. இரைச்சலையே இசையாப் பார்க்கிற ஒரு கூட்டம் மெல்ல உருவாச்சு. 2002-ல பெர்லின்ல சைட்கிராட்சர் என்ற இசைக்குழு இந்த ஆல்பத்தை வயலின், சாக்ஸபோன் மாதிரியான கருவிகள்ல மேடையில வாசிச்சது. லூ ரீட்டும் கூட நின்னு வாசிச்சார். 2013-ல அவர் இறக்குறதுக்குச் சில வருஷம் முன்னாடி, ஒலியைப் புதுசா மாஸ்டர் பண்ணி வினைல்லயும் மறுபடி கொண்டு வந்தார்.

அரிதா இருந்தா மட்டும் போதாது

"சீக்கிரமே சந்தையிலிருந்து எடுத்துட்டாங்க, அப்போ அரிது, அப்போ விலை ஏறும்"னு தோணுறது இயல்பு. இதுல பாதி உண்மைதான் இருக்கு. ஒரு பொருள் குறைவா இருக்கிறதால மட்டும் விலை ஏறாது. அதைத் தேடி வர்ற ஆள் வேணும். இந்த ஆல்பத்தைக் கேட்கணும்னு மட்டும் நினைக்கிறவங்களுக்கு ஸ்ட்ரீமிங் இருக்கு, மறுபதிப்பும் இருக்கு. 1975 அசல் பதிப்புதான் வேணும்னு நிக்கிறவங்க ஒரு சின்னக் கூட்டம். உங்களுக்குப் பணம் தேவைப்படுற அந்த வாரத்துல அவங்கள்ல ஒருத்தர் வாங்கத் தயாரா இருக்கணும். பங்குச் சந்தையில பட்டனைத் தட்டினா விக்கிற மாதிரி இங்கே நடக்காது.

விலையை முக்கியமா மூணு விஷயம் முடிவு பண்ணும்.

ஒண்ணு, எந்தப் பதிப்பு. 1975-லயே இது சாதாரண ஸ்டீரியோவுலயும், நாலு ஸ்பீக்கருக்கான குவாட்ரபோனிக்லயும் வந்தது. குவாட்ரபோனிக்கை நாலு ஸ்பீக்கர்ல முறையாக் கேட்க அதுக்கேத்த கருவி வேணும். அட்டையைப் பார்த்து மட்டும் ஏமாறாதீங்க. ரெக்கார்டு நடுவுல, லேபிளைச் சுத்தி ஊசி ஓடாத வெத்துப் பகுதியில பொறிச்சிருக்கிற எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பட்டியல்ல இருக்கிறதோட ஒப்பிடுங்க.

ரெண்டு, நிலை. மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட்னு தரம் பிரிப்பாங்க. 'குட்'னு போட்டிருந்தா நல்லா இருக்குன்னு நினைச்சுடாதீங்க, கீறல் நிறைய இருக்குன்னு அர்த்தம். இரைச்சல் ஆல்பத்துல எது கீறல் சத்தம், எது இசைன்னு காதால கண்டுபிடிக்கிறது கஷ்டம். வெளிச்சத்துல பிடிச்சு எடுத்த போட்டோ கேளுங்க. அட்டை மூலையில வெட்டு இருக்கான்னும் பாருங்க. அமெரிக்காவுல விக்காம தேங்கின ரெக்கார்டுகளை அப்படி அடையாளம் வெட்டிக் கழிவு விலைக்குத் தள்ளுவாங்க.

மூணு, நிஜமா வித்த விலை. ஒருத்தர் பட்டியல்ல போட்டிருக்கிற விலை அவரோட ஆசை. டிஸ்காக்ஸ் மாதிரி தளங்கள்ல கடைசியா எப்போ வித்தது, குறைஞ்ச விலை, நடு விலை, அதிக விலை எல்லாம் பார்க்கலாம். நடு விலையைப் பாருங்க.

இப்போ கணக்கு

இது கற்பனைக் கணக்கு, தொகை உங்க பில்லுல மாறும். ரெக்கார்டு விலை ரூ.6,000. வெளிநாட்டிலிருந்து வர அனுப்புச் செலவு ரூ.2,500. சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி., கூரியர் கட்டணம், கார்டு கம்பெனி போடுற அந்நியச் செலாவணி மார்க்கப் எல்லாம் சேர்த்து ரூ.1,500. உங்க கையிலிருந்து போனது ரூ.10,000. வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருளோட சந்தை மதிப்பு அதே ரூ.6,000 தான்.

அந்த ரெக்கார்டு வருஷத்துக்கு 10% ஏறுதுன்னு வெச்சுக்குவோம். அஞ்சு வருஷத்துல ரூ.9,663 ஆகும். விக்கும்போது தளத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் 10% போனா கைக்கு வர்றது ரூ.8,697. விலை வருஷா வருஷம் 10% ஏறியும் உங்களுக்கு ரூ.1,303 நஷ்டம்!

இப்போ திருப்பிப் போடுங்க. அதே ரூ.10,000-ஐ 7% எஃப்.டி.யில போட்டா அஞ்சு வருஷத்துல வரிக்கு முன்னாடி சுமார் ரூ.14,026. அந்தத் தொகை கைக்கு வரணும்னா ரெக்கார்டு சுமார் ரூ.15,600-க்கு விக்கணும். அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 21% ஏறணும். எஃப்.டி.யைத் தொடவே இந்தப் பாடு. நடுவுல டிவிடெண்டும் வராது, வட்டியும் வராது. நம்ம ஊர் வெயில்ல வளையாம நிமிர்த்தி அடுக்கி வைக்கிற வேலை மட்டும் வரும்.

வரி எப்படி?

நீங்க சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற அசையும் பொருள், வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துல வராது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் மாதிரி சிலதுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது. ஆயிரக்கணக்குல அச்சடிச்ச எல்.பி.யைக் கலைப்பொருள்னு வாதாடுறது கஷ்டம். அதனால வீட்டுல போட்டுக் கேட்கிற ரெக்கார்டைப் பின்னாடி வித்து லாபம் வந்தா, பொதுவா மூலதன ஆதாய வரி வராது. நஷ்டம் வந்தா அதை வேற லாபத்துல கழிக்கவும் முடியாது.

சீல் பிரிக்காம, விலை ஏறட்டும்னு பூட்டி வெச்சிருந்தா 'சொந்த உபயோகம்'னு சொல்றது பலவீனமாகிடும். மூலதனச் சொத்துன்னு ஆனா, 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்த லாபத்துக்கு 12.5% வரி, அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் விகிதம். மாசா மாசம் வாங்கி விக்கிறீங்கன்னா அது வியாபார வருமானம், தனிக் கணக்கு எழுதணும். பெரிய தொகைன்னா பில்லோட உங்க ஆடிட்டரைப் பாருங்க.

சுருக்கமா, ரெக்கார்டைப் போட்டுக் கேட்கிறவருக்குச் சட்டம் சலுகை கொடுக்குது. பூட்டி வைக்கிறவருக்குக் கொடுக்கிறதில்லை.

அப்போ வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம். எந்தக் கணக்குத் தலைப்புல எழுதுறீங்கன்றதுதான் கேள்வி. 'முதலீடு'ன்னு எழுதினா ரூ.20,000 கூடச் சின்னத் தொகையாத் தெரியும், எஸ்.ஐ.பி.யை நிறுத்தத் தோணும். 'பொழுதுபோக்கு'ன்னு எழுதினா சினிமா, டூர் செலவோட அது போட்டி போடணும். தொகை தானா அளவுக்கு வந்துடும்.

நான் சொல்ற வரிசை இது. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, கம்பெனி கொடுக்கிறது போக உங்க பேர்ல ஒரு மெடிக்கல் இன்ஷூரன்ஸ், எஸ்.ஐ.பி. இந்த மூணும் ஓடினதுக்கு அப்புறம் மிச்சத்துல பொழுதுபோக்குக்குன்னு ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுன்ட். அதுல காசு சேர்ந்தா வாங்குங்க, சேரலைன்னா காத்திருங்க. கிரெடிட் கார்டு பாக்கியில மட்டும் வாங்காதீங்க. மாசம் 3%-க்கு மேல வட்டி கட்டி வாங்கின ரெக்கார்டுக்கு எந்தச் சந்தையும் ஈடு கொடுக்காது.

வாங்குறதை எல்லாம் ஒரு எக்ஸெல்ல குறிச்சு வைங்க: தேதி, பதிப்பு எண், நிலை, விலை, அனுப்புச் செலவு, வரி. பில்லை போட்டோ எடுத்து வைங்க. நாளைக்கு விக்கும்போது, வீட்டுல யாராவது கேட்கும்போது, இந்த ஒரு ஷீட் போதும்.

குறிப்பா 'மெட்டல் மெஷின் மியூசிக்' மேல கண்ணு வெச்சிருக்கிறவங்க, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஹெட்ஃபோன் போட்டு ஸ்ட்ரீமிங்ல 64 நிமிஷத்தையும் நிறுத்தாம கேளுங்க. முடிஞ்சதும் இன்னொரு தடவை கேட்கணும்னு தோணுச்சுன்னா வாங்குங்க, உங்க காசுக்கு அது வொர்த். பத்தாவது நிமிஷத்துல நிறுத்திட்டீங்கன்னா அந்த ரூ.10,000 எஸ்.ஐ.பி.யிலேயே இருக்கட்டும்.