'வராது' என்பதற்கு வவுச்சர் எங்கே?

அன்புள்ள மருமகளுக்கு,

பி.காம். போதும், சி.ஏ. வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாமே. அக்கா போனில் புலம்பினாள். "பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவளுக்கு அதெல்லாம் வராது மாமா" என்று எனக்கும் எழுதியிருந்தாய்.

வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார். உன் 'வராது'வுக்கு வவுச்சர் எங்கே? ஜூனியர் காலேஜில் இரண்டு வருஷம் புக்-கீப்பிங்கை ஆங்கிலத்தில்தானே எழுதினாய்? தேறவும் செய்தாயே. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஏன்?

ஒன்றைப் பிரித்துப் பார். ஒரே அறையில் ஐந்து பேர், கீழே பட்டறைச் சத்தம், கட்டவேண்டிய கட்டணம் இவையெல்லாம் நிஜமான தடைகள். இவையும் மனப்பிரமைதான் என்று மேடையில் யாராவது முழங்கினால் எழுந்து வந்துவிடு. இவற்றுக்கு இடமும் பணமும் தேடவேண்டும், அது பெரியவர்களின் வேலை. 'எனக்கு வராது' என்பது அப்படிப்பட்ட தடை அல்ல. விடியுமுன் இட்லி விற்கக் கிளம்புகிறவர்களையும் தோல் பட்டறைக்காரர்களையும் தையல்காரர்களையும் தினமும் பார்த்து வளர்ந்தவள் நீ. உங்கள் சந்தில் ஒரு ஆடிட்டரைப் பார்த்ததில்லை. மாதுங்காவின் போதார் வணிகக் கல்லூரி 1941இலிருந்து இருக்கிறது, உங்கள் தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் அது வேறு யாருக்கோ கட்டியது என்று தோன்றுகிறது, இல்லையா? பார்க்காததை முடியாதது என்று எழுதிக்கொண்டுவிட்டாய்.

பிரேமா ஜெயக்குமாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். மலாடில் ஒரு சால் குடியிருப்பில் வீடு, அப்பா ஆட்டோ ஓட்டுநர். 2012 நவம்பரில் நடந்த சி.ஏ. இறுதித் தேர்வில் அகில இந்திய அளவில் முதலிடம். 2013 ஜனவரியில் முடிவு வந்தபோது மும்பைத் தமிழர் வீடுகளில் அதே பேச்சுதான். எடுத்தது 800க்கு 607. அதாவது நாட்டிலேயே முதலாவதாக வந்தவரும் 193 மதிப்பெண்ணை விட்டுத்தான் வந்தார்.

ஆனால் உனக்கு நான் காட்ட விரும்புவது அவருடைய தம்பி தனராஜை. அதே வீட்டில் படித்து, அதே தேர்வில் அவரும் தேறினார். செய்தித் தலைப்புகளில் அக்காவின் பெயர்தான் வந்தது. முதலிடக்காரர்களைப் பார்த்தால் பிரமிப்புதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து படித்துத் தேறியவரைப் பார்த்தால்தான் 'நாமும் எழுதிப் பார்க்கலாமே' என்று தோன்றும்.

ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா என்று ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார். முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று 1977இல் எழுதினார்: நாமே செய்து முடித்தது, நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், நெஞ்சு படபடப்பதற்கு நாம் கொள்ளும் அர்த்தம். பாம்பைக் கண்டு நடுங்குகிறவர்களை வைத்து ஆராய்ந்தவர் அவர். பிறர் பாம்பைத் தொடுவதைப் பார்த்தவர்களைவிட, படிப்படியாக நெருங்கித் தாங்களே தொட்டவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம் கூடியது. அந்தக் கணக்கின்படி இந்தக் கடிதம் மூன்றாவது வகை, வலுக் குறைந்த சரக்கு. இதைப் படித்துவிட்டுத் தெம்பு வந்ததாக நினைத்துக்கொள்ளாதே. நாளைக்கே வடிந்துவிடும்.

ஆகவே பாம்பைத் தொடு. சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்கள், தாளுக்கு நூறு. ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 200 எடுத்தால் தேர்ச்சி. கடைசி இரண்டு தாள்களில் தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும், அங்கே குருட்டாம்போக்கில் அடிக்காதே. பழைய கேள்வித்தாள்களை, தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அக்கவுண்டிங் தாளில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்து, கடிகாரம் வைத்துப் போட்டுப் பார். ட்ரையல் பேலன்ஸ் இடித்தால் எங்கே இடிக்கிறது என்று தேடு. நோட்டில் தேதி போட்டு வை. மறுநாள் இன்னொன்று. நெஞ்சு அடித்துக்கொண்டால் அடிக்கட்டும், எழுதுகிற கையை அது தடுக்காது. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்துவிட்டு 'வராது' என்று சொன்னால், அப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்கு வா. போட்ட கணக்கைத் தப்போடேயே எடுத்து வா, அழித்துத் திருத்தாதே. எங்கள் முன்னறை பகலெல்லாம் காலியாகத்தான் கிடக்கிறது, தினமும் வந்து படிக்கலாம். கட்டணத்தைப் பற்றி அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா