பூட் ஆகும்போது டிஸ்க் வரியிலேயே நிற்கிறதா? அக்காவின் 7 டிப்ஸ்

மேல்சித்தாமூரிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் என்று காலேஜுக்குப் போய்வரும் தம்பி தங்கைகளே, 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைக் கற்றுக்கொள்ள அந்தப் பழைய மெஷினே போதும்.

அது டிஸ்க் கன்ட்ரோலரை எழுப்பும் இடத்தில் நின்றுவிட்டால் பயம் வேண்டாம். நின்றுபோன கெர்னல் பெரும்பாலும் எதன் பதிலுக்கோ காத்திருக்கும். எதற்காக என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் டேட்டா: டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் போய்விடலாம். டேட்டாவை மீட்ட பிறகுதான் மற்ற சோதனைகள்.

2. ஐந்து நிமிடம் பொறுங்கள்: 'நீ யார்?' என்று கெர்னல் டிஸ்கைக் கேட்கும். பதில் வராவிட்டால் 5, 10, 30 விநாடி என்று நேரத்தைக் கூட்டி மறுபடி கேட்கும். இணைப்பின் வேகத்தையும் குறைத்துப் பார்க்கும். அதற்குள் பவர் பட்டனை அழுத்தினால், வரவேண்டிய எரர் செய்தியும் வராது.

3. கேப்ஸ் லாக் பாருங்கள்: அழுத்தும்போது விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது, ஒரு டிரைவர் மட்டும் காத்திருக்கிறது. விளக்கு தானாகவே விட்டுவிட்டு எரிந்தால் அது கெர்னல் பேனிக், அதாவது கெர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிட்டது. அசைவே இல்லாவிட்டால் மெஷின் முழுதும் உறைந்திருக்கலாம்.

4. திரையை மறைப்பதை எடுங்கள்: பூட் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'க்வயட்', 'ஸ்ப்ளாஷ்' இரண்டையும் அழித்துவிடுங்கள். 'இனிட்கால்', 'டீபக்' இரண்டையும் அடிக்கோட்டால் இணைத்து அதே வரியில் சேர்த்துவிடுங்கள். எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், தைரியமாகச் செய்யலாம்.

5. கடைசி வரியைக் குற்றம் சொல்லாதீர்கள்: அந்த வரியை எழுதிய பகுதி வேலையை முடித்திருக்கலாம். டிரைவர்கள் பல ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அழைக்கப்பட்டு, 'திரும்பியது' என்ற வரி வராத டிரைவர் எது என்று தேடுங்கள். சந்தேகம் அதன் மேல்தான். செல்போனில் திரையைப் படமெடுத்து நிதானமாகப் படியுங்கள்.

6. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்: அதே 'லினக்ஸ்' வரியில், இணைப்பின் வேகத்தைக் குறைக்கும் 'லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்=1.5ஜி' கொடுத்ததும் பூட் ஆனால் கேபிளையோ கனெக்டரையோ பாருங்கள். 'ஐஆர்க்யூபோல்' கொடுத்து ஆனால், டிஸ்க் அனுப்பிய இன்டரப்ட் (வேலை முடிந்தது என்ற சிக்னல்) கெர்னலுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் எது உதவியது என்றே தெரியாது.

7. டிஸ்கைக் கழற்றிப் பாருங்கள்: பவரைத் துண்டித்து, பேட்டரியை எடுத்துவிட்டு டிஸ்கைக் கழற்றி, பென் டிரைவிலிருந்து லினக்ஸைப் பூட் செய்யுங்கள். ஒழுங்காக வந்தால் பிரச்சினை டிஸ்கிலோ அதன் இணைப்பிலோ. அதே இடத்தில் நின்றால் கன்ட்ரோலர், பயாஸ், டிரைவர் என்று போங்கள்.

கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகுதான் நிற்கிறது என்றால், க்ரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது ஓடினால், 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை அந்த இரண்டு கெர்னல்களுக்கு இடையிலுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும். 1,000 மாற்றங்களில் குற்றவாளியைப் பிடிக்கச் சுமார் 10 சோதனை போதும். லேப்டாப் மாடல், ஓடிய கெர்னல், நின்ற கெர்னல், எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்து டெவலப்பர்களுக்கு எழுதுங்கள். கிராமத்துப் பிள்ளை எழுதும் ஒரு தெளிவான பக் ரிப்போர்ட், அதே மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும்.