காலைப் புகை: எஞ்சினை இறக்குவதற்கு முன்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது சைலன்சரில் நீலப்புகை வந்தால், நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "எஞ்சின் வேலைக்கு வந்துருச்சுங்க." சரக்கேற்றி ஓடித் தேய்ந்த வண்டிக்கு அது சரியாக இருக்கலாம். என்னுடைய பழைய போர்ஷே பாக்ஸ்டருக்கு அந்தத் தீர்ப்பைக் கேட்டு எஞ்சினை இறக்கியிருந்தால், ஒரு நிட்டிங் மெஷின் வாங்கும் காசு போயிருக்கும். புகை போயிருக்காது.

பனியன் ஊரில் இந்த மாதிரி கார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவிநாசிப் பக்கம் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். கோயம்புத்தூரில் கரிவரதன் ரேஸ் கார்களைக் கட்டிய காலத்திலிருந்தே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பித்து உண்டு. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே ரேஸ் டிராக் இருக்கிறது. கார் வாங்க ஆள் இருக்கிறது. அதன் புகையைப் படிக்கத்தான் ஆள் குறைவு.

பழைய பாக்ஸ்டரிலும் 911இலும் இருப்பது பாக்ஸர் எஞ்சின். சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. நிமிர்ந்த எஞ்சினை நிறுத்தினால் ஆயில் கீழே சம்ப்புக்கு வடிந்துவிடும். படுத்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் பிஸ்டனை ஒட்டியே தேங்கும்; ரிங்குகளின் வாய் இடைவெளி வழியாக மெல்லக் கசிந்து எரியறைக்குள் போய்விடும். காலையில் கிளப்பியதும் முதலில் எரிவது அதுதான். சில விநாடி நீலமாக வரும், பிறகு சுத்தமாகிவிடும். 1963இல் 911 அறிமுகமான நாளிலிருந்து உலகம் முழுக்க இந்த வண்டிகள் இப்படித்தான் புகைந்துகொண்டிருக்கின்றன.

என் வண்டியில் புகை ஒரு நாள் வரும், மறுநாள் வராது. இந்த மாறுபாடுதான் துப்புக் கொடுத்தது. கம்பெனி முற்றத்தில் மழைத்தண்ணீர் வடிய ஒரு பக்கமாகச் சரிவு விட்டிருக்கிறோம். அங்கே நிறுத்தினால் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கும். மறுநாள் வாட்ச்மேன் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் புகை. கட்டிங் செக்‌ஷன் பக்கத்துச் சமதரையில் நிறுத்தினால் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. சரக்கு வேன் உள்ளே வர வழிவிடுவதற்காக காரைக் கிளப்பி, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்துவிட்டால் அடுத்த காலையில் புகை இரட்டிப்பு. எஞ்சின் சூடேறாதபோது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி அதிகம், பெட்ரோலும் கூடுதலாகப் போகும். அந்த நிலையிலேயே அணைத்தால் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே முதல் செலவு ஒரு நோட்டுப் புத்தகம். எங்கே நிறுத்தினீர்கள், எந்தப் பக்கம் சாய்வு, எத்தனை நாள் நின்றது, கடைசியாக ஓடியது நீண்ட தூரமா குட்டி ஓட்டமா, புகை எத்தனை விநாடி. நிறத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்; நேரத்தை யாரும் எண்ணுவதில்லை.

அடுத்த கருவி நம் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வெள்ளை பனியன் வேஸ்ட். ஒரு துண்டை எடுத்து, எஞ்சினைக் கிளப்பியதும் சைலன்சர் வாய்க்கு அரையடி தள்ளிக் கம்பியில் பிடியுங்கள். வெறும் நீராவி என்றால் துணி நனையும், காய்ந்தால் தடம் இருக்காது. ஆயில் என்றால் பழுப்பாகப் பிசுபிசுக்கும் கறை நிற்கும். நிட்டிங் மெஷின் ஆயில் கறையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். கரி மட்டும் படிந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

மார்கழிக் காலையில் வரும் வெள்ளைப் புகைக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அது குளிர்ந்த குழாயில் படிந்து ஆவியாக வரும், காற்றில் உடனே கரையும். எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளை நிற்காமல், கலையாமல் தொங்கி, இனிப்பான வாடை அடித்தால் கதை வேறு. அது கூலன்ட். ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ விட்டுக்கொடுத்திருக்கும். கூலன்ட் டேங்க் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். எதையும் பிரிக்காமல் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கூலன்ட் பேச்சு வந்ததால் ஒரு சங்கதி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, என்றால் என்னவென்று இந்த ஊர் டீக்கடையில் கூடத் தெரியும். சாயத்துக்கு ஆர்ஓ தண்ணீர் இல்லாமல் வேலை ஓடாது என்பார்கள். அதே ஆட்கள் கார் ரேடியேட்டருக்கு போர் தண்ணீரை ஊற்றுவார்கள். நொய்யல் கரைத் தண்ணீரில் இருக்கும் உப்பு அலுமினிய எஞ்சினுக்குள் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வண்டிக்கு நிஜமான நோய் பின்னால் வந்தது. ஒரு காலையில் கிளப்பியதும் முற்றமே மறையும் அளவுக்கு வெண்ணீலப் புகை, நிற்கவே இல்லை. எஞ்சின் ஏறி இறங்கித் தடுமாறியது. உடனே அணைத்துவிட்டு, கோயம்புத்தூரில் இந்த வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "மறுபடி ஸ்டார்ட் பண்ணீராதீங்கண்ணா, நான் வந்து பாக்கறனுங்க" என்றார். காரணம் ஏர்-ஆயில் செப்பரேட்டர். எஞ்சின் வயிற்றில் சேரும் வாயுவிலிருந்து ஆயிலைப் பிரித்துவிட்டு மீதியை உள்ளே அனுப்பும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. சவ்வு கிழிந்தால் எஞ்சின் தன் ஆயிலையே காற்றுக்குழாய் வழியாக உறிஞ்சும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கப் பார்த்தால் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு வராது. என் வண்டியில் அதை அவர் சில விநாடி மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார். நீங்களாகச் செய்ய வேண்டாம். சிலிண்டரில் தேங்கிய ஆயிலைப் பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். டப்பாவை மாற்றியதும் சரியானது. எஞ்சின் இறங்கவில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது சிலிண்டர் சுவர் கீறல். 1996 முதல் 2008 வரையான எம்96, எம்97 எஞ்சின்களில் இது தெரிந்த பலவீனம். கிளப்பும்போது மட்டுமல்லாமல் ஆயில் தொடர்ந்து குறையும், ஒரு பக்கத்தில் டிக் டிக் சத்தம் சூடேறினாலும் போகாது, அந்தப் பக்கத்து பிளக்குகள் கறுத்து நனைந்திருக்கும். பிளக் ஓட்டை வழியாக போர்ஸ்கோப் கேமரா விட்டுப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிக் கம்ப்ரெஷன் பார்ப்பதும் இங்கே சரிவராது. படுத்த சிலிண்டரில் ஊற்றிய ஆயில் கீழ்ப்பக்கம் ஓடிவிடும், மேல்பக்கத்து ரிங் நனையாது. காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் லீக்-டவுன் சோதனையே மேல்.

புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்வார்கள். போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் உள்ள ஆயிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கெட்டி ஆயில் காலையில் எஞ்சினின் மேல்பாகத்துக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். அளவு மீறி ஊற்றினாலும் புகைதான். கிளப்பிய முதல் நிமிடம் பின்னால் வாக்குவம் கிளீனர் போல் ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றும் ஏர் பம்ப், அதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தால் அவிநாசியோடு திரும்பாமல் ஆயில் நன்றாகச் சூடேறும் தூரம் ஓட்டுங்கள். ஆயிலில் சேர்ந்த ஈரம் அப்போதுதான் வெளியேறும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று முந்தின நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் சைலன்சருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.