கண்ணுக்குத் தெரியாத எதிரியும் ஒரு கட்டிச் சவுக்காரமும்



"கையைக் கழுவிட்டு வா" என்று பிள்ளையிடம் சொன்னால், "கையில ஒன்னும் இல்லையே" என்று விரித்துக் காட்டும். அதற்குப் பதிலாக ஒரு டாக்டரின் கதையைப் படிப்போம்.

ஆபிரிக்காவில் கொங்கோ என்றொரு நாடு. 1976ஆம் ஆண்டில் அதற்குச் சயர் என்று பெயர். அங்கே விவசாயக் குடும்பத்தில் 1942இல் பிறந்தவர் ழான் ஜாக் முயெம்பே. பெல்ஜியம் சென்று வைரஸ் கிருமிகளைப் பற்றி உயர்படிப்புப் படித்துவிட்டு, சொந்த நாட்டுக்கே திரும்பி வந்தார்.

1976இல் யம்புக்கு என்ற கிராமத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அரசாங்கம் முயெம்பேயை அங்கே அனுப்பியது. நெருப்புக் காய்ச்சலாக இருக்கலாம் என்று நினைத்து, நோயாளரிடம் இரத்தம் எடுத்தார். ஊசியை எடுத்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை. அவர் கையெல்லாம் இரத்தம். கையுறை கிடையாது. சவுக்காரமும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவினார். அவருக்கு நோய் வரவில்லை. அதிர்ஷ்டமும் இருந்தது, சவுக்காரமும் இருந்தது.

நோயுற்ற ஒரு கன்னியாஸ்திரியைத் தலைநகருக்குக் கூட்டி வந்தார். அவர் இறந்துபோனார். அவருடைய இரத்தம் தேர்மோஸ் போத்தலில் விமானமேறி பெல்ஜியத்துக்குப் போனது. அங்கே 27 வயது பீட்டர் பியோட்டும் உடன் வேலை செய்தவர்களும் புழுப் போல நீண்ட வைரஸைக் கண்டார்கள். இது புதிய வைரஸ் என்று அமெரிக்க ஆய்வுகூடம் உறுதி செய்தது. பக்கத்து ஆற்றின் பெயரால் அதற்கு எபோலா என்று பெயர் வைத்தார்கள்.

அது பரவியது எப்படி? யம்புக்கு ஆஸ்பத்திரியில் காலையில் ஐந்து ஊசிகளைத்தான் தாதிமாரிடம் கொடுப்பார்கள். நாள் முழுக்க, கொதிக்க வைக்காமல், எல்லாருக்கும் அதே ஊசி. கிளினிக்குக்கு வந்த கர்ப்பிணித் தாய்மாருக்கும் அதேதான். குணம் தேடி வந்தவர்கள் நோயை வாங்கிப் போனார்கள். அந்த முறை 318 பேருக்கு நோய் கண்டது. 280 பேர் இறந்தார்கள். ஊசியால் மட்டுமே நோய் தொற்றியவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

முயெம்பே அத்தோடு விடவில்லை. 1995இல் கிக்விட் நகரில் எபோலா மீண்டும் வந்தது. பிழைத்து எழும்பியவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளருக்கு ஏற்றினார். ஏழு பேர் பிழைத்தார்கள். "இது போதிய சான்று இல்லை" என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் சொன்னார்கள். பிறகு, கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்தே ஒரு மருந்து உருவானது. 2018, 2019இல் கொங்கோவில் சோதித்தபோது அது உயிர்களைக் காத்தது. 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் நோயாளியைப் பார்த்து 44 வருஷம்!

நாம் மனதில் வைக்க வேண்டியவை:

1. ஊசி போடும்போது, "இது புது ஊசிதானே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.
2. வீசிய ஊசியைப் பிள்ளைகள் எடுத்து விளையாட விடாதீர்கள்.
3. நோயாளியின் இரத்தம், வாந்தியை வெறுங்கையால் தொடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்:

அ. எபோலா என்ற பெயர் எதிலிருந்து வந்தது?
ஆ. யம்புக்கு ஆஸ்பத்திரியில் நடந்த தவறு என்ன?
இ. கையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஏன் கழுவ வேண்டும்? அம்மாவுக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்.